அந்த ஆளுக்கு ஒரு பேர்

"திருடன்னு மட்டும் சொல்லாதீங்க தம்பி, எனக்குக் கெட்ட கோபம் வரும்."

அகராதிக்காரர் இப்படிச் சொன்னதும் ரிப்பேர்காரர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். நாலாவது மாடியில் ஒற்றை ஆள் குடித்தனம். மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரில் திரை தலைகீழாக நின்றது. போன புதன்கிழமை எழுத்தெல்லாம் எறும்பு சைஸுக்குச் சுருங்கியிருந்தது. அதற்கு முந்தின புதன், எதைத் தட்டினாலும் 'ழ' மட்டுமே விழுந்தது. யாரோ ஒருவன் வெளியிலிருந்து இணையம் வழியாகப் புகுந்து சேட்டை செய்கிறான்.

"பின்ன என்னன்னு சொல்றது சார்? பூட்டின வீட்டுக்குள்ள கேக்காம நுழைஞ்சா திருடன்தானே?"

"என்னத்தைத் திருடினான்? ஒரு எழுத்துகூடக் குறையலையே! போன வாரம் சேட்டை பண்றதுக்கு முன்னாடி என் அகராதி மொத்தத்தையும் நகல் எடுத்துப் பத்திரமா வெச்சுட்டுல்ல போயிருக்கான்! எந்தத் திருடன் அப்படிச் செய்வான்?"

ரிப்பேர்காரருக்குக் காபி புரையேறியது.

அகராதிக்காரர் ஓய்வு பெற்று ஆறு வருஷம், மனைவி போய் நாலு. கம்ப்யூட்டர் சொற்களுக்கு ஒரு தமிழ் அகராதி தொகுத்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து, ஒரே ஒரு சொல்தான் பாக்கி. ஹேக்கர்.

"ஊடுருவின்னு போட்டுடுங்களேன் சார்."

"எல்லையில துப்பாக்கியோட நிக்கிற மாதிரி இருக்கு. இவன் அவ்வளவு பெரிய ஆளெல்லாம் இல்ல."

"கொந்தர்னு எங்கேயோ பார்த்தேன்."

"நானும் பார்த்தேன். நாக்குல ஒட்ட மாட்டேங்குது. தெருவுல நின்னு 'யோவ் கொந்தரே'ன்னு கூப்பிட்டா ஒருத்தனாவது திரும்பிப் பார்ப்பானா, சொல்லுங்க!"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்பதே புதன்கிழமைகளில்தான். மற்ற நாட்களில் குழாய் சொட்டுவது மட்டும் கேட்கும்.

சிரிப்பு அடங்கியதும் ரிப்பேர்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சார், ஆபீஸ்ல கேக்கறாங்க. ஒரே வீட்டுக்கு ஆறு தடவையான்னு. இன்னைக்கு எல்லா வழியையும் அடைச்சிடறேன். இனிமே அந்த ஆள் உள்ள வர முடியாது."

"அப்போ நீங்க?"

"நானும் வர வேண்டியிருக்காது."

"நல்லதுதானே" என்றார் அகராதிக்காரர். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. கேட்காமலேயே இரண்டாவது காபி வந்தது.

"இருந்து சாப்பிட்டுப் போங்களேன் தம்பி."

"இல்ல சார், இன்னும் ரெண்டு வீடு பாக்கி இருக்கு."

"உடம்பைப் பார்த்துக்கோங்க. போன வாரத்துக்கு இந்த வாரம் இளைச்சுட்டீங்க" என்று சொல்லி, படிக்கட்டுத் திருப்பத்தில் அவர் மறையும் வரை நின்று பார்த்தார்.

கீழே வந்த ரிப்பேர்காரர் வண்டியைக் கிளப்பவில்லை. அவருக்கு வேறு எந்த வீடும் பாக்கி இல்லை. இனி நேராக அறைக்குப் போக வேண்டியதுதான். ஒரு கட்டில், ஒரு நாற்காலி. புகார் சொல்ல மட்டுமே அடிக்கும் போன். இளைத்தாயா, பெருத்தாயா என்று கேட்க அங்கே ஒரு நாதியில்லை.

"நாப்பத்தஞ்சு வயசுல உனக்கு இதெல்லாம் தேவையாடா?" என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டிக்கொண்டே பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தார். வேண்டுமென்றே அடைக்காமல் விட்டிருந்த ஒரு வழியாக, போன ஆறு வாரமும் நுழைந்தது போலவே, நாலாவது மாடிக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தார்.

திரையின் நட்டநடுவில் ஒரு புதுக் கோப்பு இருந்தது. அவர் படியிறங்கிய பிறகு அடித்தது. திறந்தார்.

'தம்பி, ஆபீஸ்ல கேட்டா நான் பேசிக்கறேன். அந்தச் சொல்லை அடுத்த புதன் பார்த்துக்கலாம், அவசரமில்லை. ஆனா இந்தத் தடவை கோளாறைக் கொஞ்சம் பெரிசா வைங்க, அரை மணியில சரி பண்ணிட்டுக் கிளம்பிடறீங்க.'