பூனையின் நகமும் குட்டைச் சட்டமும்

அந்தக் கோடையில் ஒரே ஒரு குட்டையில்தான் தண்ணீர் இருந்தது. அங்கே சண்டை வரக்கூடாது என்று விலங்குகள் எல்லாம் கூடி ஒரு சட்டம் போட்டன. ஆயுதத்தை ஒளித்துக்கொண்டு யாரும் வரக்கூடாது. காவலுக்கு நாய்.

பூனை வந்தது. நாய் அதன் பாதத்தை அமுக்கிப் பார்த்தது. நகம் எட்டிப் பார்த்தது.

"ஒளிச்சு வெச்சிருக்கே. திரும்பிப் போ."

"அண்ணே, இது பொறந்ததிலிருந்தே இருக்கு. நான் குடிச்சாத்தான் குட்டிங்களுக்குப் பால் ஊறும். அந்த மாட்டை மட்டும் விட்டீங்களே, கொம்பு முழ நீளம் இருக்கு!"

"அது வெளியே தெரியுது. தெரிஞ்சா தப்பில்ல."

நேற்றுதான் அந்தக் கொம்பு ஒரு ஆட்டைக் குத்தியிருந்தது. நாய்க்கும் அது தெரியும்.

பூனை திரும்பிப் போகவில்லை. நான்கு கால்களிலும் நகங்களை முழுசாக நீட்டியது. தரையைக் கீறிக்கொண்டே தண்ணீரை நோக்கி நேராக நடந்தது. முயல்கள் அலறி ஓடின. மாடுகூட ஒதுங்கியது.

"ஏய், அதை உள்ளே இழுடி!" என்று நாய் கத்தியது.

"இழுத்தா குற்றம்" என்றது பூனை. குனிந்து, வயிறு நிறையக் குடித்தது.