இருபத்துமூன்று புள்ளிக் கோலம்

கரமனை அக்ரகாரத் தெருவில் நடந்து போகிறவர்களைக் காப்பாற்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் நடந்தது. ஒன்பது பேர் வந்தார்கள். ஏழு ஸ்கூட்டர், ஒரு கார். நடந்து வந்தவர் செயலாளர் பிச்சுமணி மட்டும். அதையும் அவரே எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டார்.

எண்ணுவது அவர் வழக்கம். மெயின் ரோடு சிக்னலில் நிற்க மனசில்லாமல் இந்தத் தெரு வழியாகப் பாய்கிற வண்டிகளை எண்ணிக்கொண்டு நின்றபோதுதான், ஆகஸ்டில் ஒரு ஸ்கூட்டர் அவரைத் தட்டிவிட்டுப் போனது. அன்றைய நூற்றுப் பன்னிரண்டாவது வண்டி அது. காலில் மூன்று வாரம் கட்டு.

பெங்களூரிலிருந்து மகள் திவ்யலட்சுமி போனில் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

"இன்னொரு தடவை விழுந்தாலும் சரி, தெருவில இறங்க பயமா இருந்தாலும் சரி, ஆத்தைப் பூட்டிண்டு இங்க வந்துடணும். பதினாலாவது மாடி. ரோடே கிடையாது."

"நான் பிறந்த தெரு இது! இதைச் சரி பண்ணிக் காட்டறேன் பாரு!" என்று கத்தினார் பிச்சுமணி. இடது காது மந்தம். அவர் போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

அப்படிப் பிறந்ததுதான் நடைப் பாதுகாப்புக் கமிட்டி. கட்டுப் பிரிப்பதற்குள் ஆறு கூட்டம் போட்டு, அவர் வீட்டு வாசலில் ஒரு போர்டு வைத்தது. 'நடப்பவர்களுக்கே முதலிடம்.' நடப்பவர்கள் போகிற இடத்திலேயே நட்டதால், அவர்கள் ரோட்டில் இறங்கி போர்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஆனால் பலன் இருந்தது. நாற்பத்தொரு நாளாக அவர் ரோட்டைத் தாண்டிப் போய்ப் பால் வாங்கி வருகிறார். இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்கின்றன. கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுத் தாண்டுகிறார். போர்டின் மகிமை!

கூட்டத்தில் ஒரே ஒரு புகார்தான். எதிர்வீட்டு நாகலக்ஷ்மியின் கோலம்.

"வாசல்ல போட்டா ஆருக்கு என்ன மாமா? எதிர்ச் சாக்கடை வரைக்கும் போடறா!" என்றான் சாய். அவனுக்குக் கழக்கூட்டம் பக்கம் ஐ.டி. வேலை. "நடு ரோட்டில உக்காந்துண்டாக்கும் போடறா. ஹாரன் அடிச்சா, 'சவிட்டாதே மோனே, மிதிச்சுடாதே, கேட்டோ'ன்னு சிரிக்கறா. கோலத்து மேல எப்படி வண்டியை விடறது? ரெண்டு நாள் ஆபீஸுக்கு லேட்."

ஹெல்மெட் போடாதவன், சிக்னலை மதிக்காதவன், போன் பேசிக்கொண்டே ஓட்டுகிறவன், எவனுக்கும் கோலத்தின் மேல் சக்கரத்தை ஏற்ற மட்டும் தைரியம் வரவில்லை.

"நடக்கறவாளையே பாத்துண்டிருந்தா எப்படி? வண்டிக்காராளுக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டாமா?" என்றார் காரில் வந்தவர்.

கோலம் வாசற்படியைத் தாண்டக்கூடாது என்ற தீர்மானத்துக்கு எட்டுக் கைகள் உயர்ந்தன. ஒன்பதாவது கை பிச்சுமணியுடையது.

அன்று சாயங்காலமே நோட்டீஸோடு போனார். நாகலக்ஷ்மி வாசலில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"விடியக்காலம்பற போட வேண்டிய கோலத்தை எட்டு மணிக்கு எதுக்குப் போடறேள் மாமி?"

"எழுந்திருக்க நாழியாறது மாமா."

"அஞ்சு மணிக்கே உங்காத்து லைட் எரியறது. எழுதி வச்சிருக்கேன்."

"எழுதுவேள்."

"எட்டரைக்கு நீங்களே தண்ணியைக் கொட்டி அழிக்கவும் அழிக்கறேள். போறவா வரவா மெச்சிக்கணும்னுதானே இருபத்துமூணு புள்ளி?"

"எண்ணிட்டேளா?"

"தினமும்."

"அப்போ சரியாத்தான் இருக்கும்."

மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டாள். பெருமை பிடித்தவளாக இருந்தாலும் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறாளே என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் கோலம் வாசற்படியோடு நின்றது. ஐந்தே புள்ளி.

பிச்சுமணி பால் பையோடு இறங்கி, போர்டின் பக்கத்தில் நின்று கையை உயர்த்தினார். ஒரு பைக் அவர் வேட்டி நுனியை ஆட்டிவிட்டுப் போனது. பின்வாங்கினார். மறுபடி கையை உயர்த்தினார். ஒருவன் தெரிந்தவர் என்று நினைத்துத் திருப்பிக் கையாட்டிவிட்டுப் போனான்.

பன்னிரண்டு நிமிஷம். அறுபத்துநாலு வண்டி. இறங்கிய காலை மறுபடி மறுபடி எடுத்துக்கொண்டார்.

போன் அடித்தது. திவ்யலட்சுமி.

"அப்பா, பால் வாங்கியாச்சா?"

அவர் போர்டின் பின்னால் ஒதுங்கினார்.

"அப்பா? பயமா இருக்கா?"

"அப்புறம் பேசறேன்."

அறுபத்துநாலை எழுத நோட்டைத் திறந்தார். இடது பக்கம் நாகலக்ஷ்மி மேல் குற்றப் பட்டியல். செப்டம்பர் 2, கோலம் ஆரம்பம். போட்டது எட்டு. அழித்தது எட்டரை.

வலது பக்கம் போர்டின் சாதனை. செப்டம்பர் 2, கட்டுப் பிரித்து முதல் நடை. பாலுக்குப் போனது எட்டு பத்து. திரும்பியது எட்டு இருபத்தைந்து.

இப்படியே நாற்பத்தொரு நாள், எதிரெதிரே. எல்லாம் அவர் கையெழுத்துதான். இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைத்துப் படித்ததில்லை, அவ்வளவே.

தலையைத் தூக்கினார். எதிர்வாசலில் நாகலக்ஷ்மி, ஒரு கையில் வாளி, ஒரு கையில் கோலப்பொடி டப்பா.

"மாமி! நோட்டீஸ் ரத்து!"

"அதெப்படி? கமிட்டி கூட்டம் போட வேண்டாமா?" என்றபடியே வாளியை நடு ரோட்டில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். சாயின் ஸ்கூட்டர் கிறீச்சிட்டு நின்றது. அதன் பின்னால் ஒரு கார், அதன் பின்னால் ஓர் ஆட்டோ.

முதல் புள்ளியை வைத்துவிட்டு, அவரை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

"எண்ணிண்டே வாங்கோ மாமா. இருபத்துமூணு ஆறதுக்குள்ள இந்தப் பக்கம் வந்துடுவேள்."