இடுப்பில் சொருகிய சத்தம்

“காலால மிதிக்கிறது எதுவும் வேணாம்ணே. இடுப்புல சொருகுற மாதிரி இருந்தா காட்டுங்க.”

லுத்துலி சாலை இசைக்கருவிக் கடைக்காரர், மேசையில் தான் பரப்பி வைத்த, கிதார் சத்தத்தை மாற்றும் நாலு எஃபெக்ட்ஸ் பெட்டிகளையும் பார்த்தார். பிறகு கேட்டவனின் விரல்களைப் பார்த்தார். கிதார் வாசித்த காய்ப்பு ஒன்றுகூட இல்லை.

“வாசிக்கிறது யாரு தம்பி?”

“நான்தான்,” என்றார் பின்னால் நின்ற தெயுரி. “கராட்டினா பக்கம் மதுக்கடை, பிறந்தநாள், கல்யாணப் பேச்சுன்னு ஒத்தை ஆளாப் போய் வாசிக்கிறேன். வண்டியில மடியில வச்சுட்டுப் போற மாதிரி சின்னதா ஒண்ணு வேணும். ஆனா வாங்கிக் கொடுக்கிறது இவன். அதான் இந்த ஆட்டம் போடுறான்.”

கடைக்காரர் ஒரு பெட்டியை நகர்த்தினார். “இதுல நூறு சத்தம் இருக்கு. எதிரொலி, தாளம் எல்லாம் உள்ளேயே. கரண்டு மட்டும் வேணும்.”

“நூறு எதுக்கு? எனக்கு ஒண்ணு போதும்,” என்றான் முஷோக்கி. “வாத்து கத்துற மாதிரி ஒண்ணு வருமே, குவாவ்னு! அது எதுல இருக்கு?”

தெயுரி தலையில் அடித்துக்கொண்டார். “பதினெட்டு வருஷமா வாசிக்கிறேன். கடைசியில வாத்துகிட்ட வந்து நிக்கிறேன்.”

“அப்படி என்ன தம்பி, வாத்து மேல காதல்?”

முஷோக்கி குரலைத் தாழ்த்தினான். “சனிக்கிழமை பொண்ணு வீட்டுச் சடங்கு. ஏழெட்டுப் பொம்பளைங்களுக்குத் துணியைப் போர்த்தி நிறுத்துவாங்கல்ல, அதுல என் நியாவிரா யாருன்னு நான் சொல்லணும். போன வருஷம் எங்க அண்ணன் முகோ நெஞ்சை நிமித்திட்டுப் போய் ஒரு துணியைத் தூக்கினான். உள்ளே பொண்ணோட பெரியம்மா! இன்னைக்கும் சந்தைக்குப் போனா ‘பெரியம்மா மாப்பிள்ளை’ன்னுதான் கூப்பிடுறாங்க. தப்பாத் தூக்கினதுக்குக் கட்டின அபராதம் போனாப் போகுது. அந்தப் பேரை எதைப் போட்டுக் கழுவுறது?”

“உருவத்தைப் பார்த்தாத் தெரியாதா?”

“எங்கே தெரியும்? தலையிலேருந்து கால் வரைக்கும் லேசோத் துணி. உயரமும் ஒண்ணாப் பார்த்து நிறுத்திடுவாங்க. நான் பத்தடி தள்ளி நிக்கணும், ஒரே ஒரு துணியைத்தான் தொடலாம். ஆனா பாட்டுக்காரரு கிட்டப் போகலாம். தெயுரி அண்ணன் வாசிச்சுட்டே வரிசையில நடப்பாரு. நியாவிரா துணிக்குள்ளேருந்து அவர் காலை மிதிப்பா. அண்ணன் இடுப்புல பொத்தானை அமுக்குவாரு. குவாவ்! நான் போய்த் தூக்கிடுவேன்.”

“இதுக்குப் பேரு திருட்டுத்தனம், தம்பி.”

“பயம்ணே. சத்தியமா பயம்.”

கடைக்காரர் சிரித்துக்கொண்டே கீழ்த்தட்டிலிருந்து உள்ளங்கை அளவு பெட்டி ஒன்றை எடுத்தார். பின்புறம் இடுப்புவாரில் மாட்டும் கொக்கி. சார்ஜ் போட்டால் இரண்டு மணி நேரம் ஓடுமாம். தெயுரி கிதாரை இணைத்து மெல்ல மீட்டினார். முகம் மலர்ந்தது. பொத்தானை அமுக்கியதும் கடைக்கு வெளியே போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“இதேதான்!” என்றான் முஷோக்கி.

சனிக்கிழமை பெண் வீட்டார் லேசில் வழிவிடவில்லை. “உள்ளே வர அவ்வளவு அவசரமா? இன்னொரு பாட்டு!” என்று பெண்கள் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெயிலில் பாடிப் பாடி மாப்பிள்ளை வீட்டாருக்குத் தொண்டை கட்டிப்போனது. புதுப்பெட்டி வந்த குஷியில் தெயுரி அதிலிருந்த அத்தனை சத்தத்தையும் அங்கேயே அவிழ்த்துவிட்டார்.

ஒருவழியாக உள்ளே போனால், முற்றத்தில் வரிசையாக ஏழு துணி மூட்டைகள். தோளில் ஸ்பீக்கரும் கையில் கிதாருமாகத் தெயுரி நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. கடைசிவரை போய்த் திரும்பினார். வாத்துச் சத்தம் மட்டும் வரவில்லை.

“மாப்பிள்ளே, நாங்க வேணா நாளைக்கு வரட்டுமா?” என்று ஒருத்தி கேட்க, கூட்டம் கொல்லென்று சிரித்தது.

முகோ தம்பியின் காதில் கிசுகிசுத்தான். “சும்மா ஏதாவது ஒண்ணைத் தூக்கு. எனக்கும் துணைக்கு ஒரு ஆள் கிடைச்ச மாதிரி இருக்கும்.”

முஷோக்கி வானத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டான். தெயுரி மறுபடியும் ஐந்தாவது துணியருகே வந்தபோது கேட்டது.

குவாவ்!

ஓடிப்போய்த் தூக்கினான். நியாவிரா! குலவை வீட்டுக் கூரையைத் தூக்கியது. அப்பாடா என்று அவன் விட்ட மூச்சில் கையிலிருந்த லேசோவே ஆடியது.

ஆட்டுக்கறி பரிமாறும்போது தெயுரியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். “அண்ணே, அந்தப் பெட்டி இல்லேன்னா இன்னைக்கு என் மானம் கப்பலேறியிருக்கும்.”

தெயுரி எலும்பைக் கடிப்பதை நிறுத்தினார். “எந்தப் பெட்டி? அது வாசல்லயே சார்ஜ் தீர்ந்து செத்துப் போச்சு. கிதார் வயரை நேரா ஸ்பீக்கர்ல சொருகித்தான் உள்ளே வாசிச்சேன். அவ மிதிக்கிறா, நான் உனக்குப் புருவத்தை ஆட்டி ஆட்டிக் காட்டுறேன், நீ வானத்தைப் பார்த்துட்டு நிக்கிறே!”

“அப்போ… அந்தச் சத்தம்?”

கறித்தட்டை அவன் மடியில் வைத்தாள் நியாவிரா.

“அண்ணன் கால் வீங்குற அளவுக்கு மிதிச்சும் ஒண்ணும் வரல. பக்கத்துல நின்னது எங்க பெரியம்மா. நீ அவங்களைத் தூக்கிட்டா நான் எங்கே போறது? அதான் துணிக்குள்ளேருந்து நானே கத்தினேன். ஒரு வாரமா போன்ல நீதானே வாத்து மாதிரி கத்திக் கத்திக் காட்டினே!”