அரை மணி பின்னால்

செமிலிங் தோட்ட ஆபீசில் மழைக்கு முந்திய மஞ்சள் வெளிச்சம் தேங்கிக் கிடக்கிறது. கணினிகளைக் கவனிக்கும் குணசுந்தரி கறுப்புத் திரையில் கட்டளை தட்டி நேரம் கேட்கிறாள். அரை மணி பின்னால் காட்டுகிறது. இன்றும் இப்படியே போனால் ரப்பர் மரம் சீவும் வெட்டுக்காரர்கள் எல்லாரும் சீக்கிரமே வீட்டுக்குப் போனதாகக் கைரேகைப் பதிவு சொல்லிவிடும். இணையத்தில் நேரம் தரும் சர்வரைக் கேட்கிறாள். அது சரியாகவே சொல்கிறது. திருத்துகிறாள். எண்கள் முன்னால் தாவி, அவள் மூச்சு விடுவதற்குள் மறுபடியும் அரை மணி பின்னால் போகின்றன. பால் சேர்க்காத தேநீரான தே-ஓ கொண்டுவந்த நவமணி அக்கா திரையை எட்டிப் பார்க்கிறார். “இது பழைய நேரம்லா, சுந்தரி. நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப அரசாங்கம் நேரத்த அரை மணி முன்னால தள்ளி வச்சிச்சு. இங்க கணக்கு எழுதின எங்க கிராணி மட்டும் ஒத்துக்கல. சாகுற வரைக்கும் ஆபீஸ் கடிகாரத்தத் தொட விடல. நீ இருக்கிற இடத்துலதான் உக்காந்திருப்பாரு.” குணசுந்தரி நேரத்தை மாற்றுவது யார் என்று கேட்டுக் கடைசிக் கட்டளையைத் தட்டிவிட்டு, சூடான குவளையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொள்கிறாள். பதில் வருகிறது: இதே மேசையிலிருந்து, கையால் தட்டி மாற்றப்பட்டது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் கீழே அதே வரி இன்னொரு முறை விழுகிறது. குவளை இன்னும் அவள் கைகளில்தான் இருக்கிறது. அவள் சத்தமில்லாமல் எழுந்து நாற்காலியைக் காலி செய்கிறாள்.