மிட்டலின் கயிறு

“ஏன் சாயீ, அந்த ஒரு பாட்டை மட்டும் புத்தகத்தைவிட்டுத் தள்ளிட்டீங்க? பீரு கனவுல வந்து உங்க காதைத் திருகப்போறாரு பாருங்க!”

தம்பூராவை மடியில் வைத்துக்கொண்டு பச்சல் ஃபக்கீர் கேட்டார். தர்கா முற்றமே சிரித்தது. என் கணவர் சிரிக்கவில்லை.

சிந்து மாகாணம் முழுக்க அவரைச் சாயீ என்று மரியாதையாக அழைத்து, கவிஞர், அறிஞர் என்று தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். இந்தத் தர்காவில் அடங்கியிருக்கும் ஞானி பீர் பாடியது எது, பிறகு வந்தவர்கள் நுழைத்தது எது என்று பாதி ஆயுளைச் செலவழித்துச் சலித்தெடுத்துப் புத்தகமாக்கியிருக்கிறார். அதற்காகத்தான் இன்று ஃபக்கீர்கள் அவருக்கு அஜ்ரக் சால்வை போர்த்தினார்கள்.

தள்ளப்பட்டது எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரியும். அது நான் கட்டியது. அவருக்கும் தெரியும்.

நான் மஞ்சர் ஏரியில் படகிலேயே பிறந்து வளர்ந்தவள். எங்கள் பெண்களிடம் பாட்டுச் சேகரிக்க வந்த வாத்தியார் இவர். பாட்டோடு என்னையும் சேகரித்துக்கொண்டு போனார்.

படகில் நடைபழகும் பிள்ளையை இடுப்பில் கயிறு கட்டிப் படகோடு பிணைத்துவைப்பது எங்கள் வழக்கம். கரைக்காரர்களுக்கு அது பொறுக்காது, பிள்ளையா ஆட்டுக்குட்டியா என்று கேட்பார்கள்.

ஒருமுறை நானும் இவரும் பிள்ளையோடு என் அப்பாவின் படகுக்குப் போயிருந்தோம். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் கயிறு கிடந்தது. என் மகன் மிட்டல் இல்லை.

கயிறு அறுந்திருக்கவில்லை. முடிச்சு அவிழ்ந்திருந்தது.

கட்டியவள் நான்.

‘முடிச்சே, உன்னை நம்பித்தானே திரும்பி உட்கார்ந்தேன்’ என்று அழுது பாடினேன். படகுப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து ஃபக்கீர்களுக்குப் போயிற்று. கேட்பாரற்ற பாட்டுக்குக் கடைசி அடியில் பீரின் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். உடம்புதான் முடிச்சு, உயிர்தான் குழந்தை என்று விளக்கம் வேறு.

எனக்கு அதில் ஒரு தத்துவமும் கிடையாது. இன்றைக்கும் மாவு மூட்டையைக் கட்டினாலும் இழுத்து இழுத்துப் பார்க்கிறேன். என் கைதான் பிள்ளையைக் கொன்றது என்ற எண்ணம் என்னோடு உண்டு உறங்கி எழுகிறது.

வியாழன்தோறும் இங்கே அதைப் பாடத் தொடங்கினால் இவர் எழுந்து ஏரிப்பக்கம் போய்விடுவார். பாவம், பிள்ளை நினைப்பு என்று நானும் விட்டுவிடுவேன்.

இன்று சால்வையும் மாலையுமாக நடுவில் உட்காரவைத்துவிட்டார்கள். எழுந்து போக வழியில்லை.

“பீர் கரையில வாழ்ந்தவரு. படகுல பிள்ளையைக் கட்டிவைக்கிறது அவருக்கு எப்படித் தெரியும்? இது அவரு பாட்டு இல்ல” என்றார்.

“நல்லாருக்கே! பீருக்குத் தெரியாததா? முடிச்சை அவிழ்த்தது அல்லாவோட கை, சாயீ. அதுதானே பாட்டே!”

“அல்லா மேல பழி போடாதீங்க!”

அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். அவர் மாலையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

“படகுக்காரி போட்ட முடிச்சு அது. லேசுல அவிழுமா? நகமே பேந்துபோச்சு. கூச்சத்துல அவன் நெளிஞ்சு நெளிஞ்சு சிரிக்கிறான். கொஞ்ச நேரம் ஓடி விளையாடட்டும்னுதானே...”

பச்சல் ஃபக்கீர் மற்ற ஃபக்கீர்களின் முகத்தைப் பார்த்தார். “நகமா? சிரிப்பா? அதெல்லாம் பாட்டுல எங்க சாயீ வருது?”

பாட்டில் அதெல்லாம் இல்லை. எனக்குத் தெரிந்திருந்தால்தானே பாடியிருப்பேன்.

அவர் பெண்கள் பக்கம் திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் சரியாகத்தான் கட்டியிருக்கிறேன்.