வேர்க்கும் பொம்மை

தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒன்பது பெட்டிக்கடைகள் இருந்தன. பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு சிகரெட் விற்காமல் இருப்பதற்கு நூற்றுக்கு எவ்வளவு மதிப்பெண் என்று ஒவ்வொரு கடையின் தலைமேலும் ஒரு பலகை மினுங்கும். சோதித்துப் பார்க்க அரசாங்கம் பள்ளிக்கூடப் பையன் உருவத்தில் பொம்மைகளை அனுப்பும். அவை நடக்கும், பேசும், கெஞ்சவும் செய்யும். வெயிலில் வேர்க்க மட்டும் வேர்க்காது.

கடைக்காரர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வேர்க்காதவனை விரட்டினார்கள், வேர்த்தவனுக்கு விற்றார்கள். வியாபாரமும் கெடவில்லை, மதிப்பெண்ணும் கெடவில்லை.

கடைசிக் கடை மரியபுஷ்பம் மட்டும் வருகிற பொம்மையை எல்லாம் நிறுத்தி வைத்து ஏசுவாள்.

"ஏல, இந்த வயசுல ஒனக்கு சிகரெட்டு கேக்குதோ? ஒங்கம்மை நம்பரச் சொல்லு!"

"மெஷினுக்குப் புத்தி சொல்லுதா பாரு" என்று தெருவே சிரிக்கும்.

சித்திரை மாத உச்சிவெயிலில் ஒருநாள் சட்டையெல்லாம் நனைந்து ஒருவன் வந்தான். எட்டுக் கடைகளிலும் ஆளுக்கொரு பாக்கெட் கொடுத்தார்கள். ஒன்பதாவது கடையில் அவனுக்குக் கிடைத்தது வசவுதான்.

அன்று சாயங்காலம் எட்டுப் பலகைகள் பூஜ்யத்துக்கு இறங்கின. எட்டு ஷட்டர்கள் தாமாகவே இழுத்து மூடிக்கொண்டன. மரியபுஷ்பத்தின் நூறு மட்டும் தெரு முழுக்கப் பச்சை வெளிச்சத்தைக் கொட்டியது.

பக்கத்துக் கடை ஜெபராஜ் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"அதுக்கு வேர்த்துச்சேக்கா! பொம்மைன்னு ஒங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சிச்சு?"

மிட்டாய் பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்த மரியபுஷ்பம் நிமிர்ந்து பார்த்தாள்.

"பொம்மையா? நான் புள்ளைன்னுல்லா நெனச்சேன்!"