வேலிக்கு அந்தப் பக்கம்

“இதென்ன கதவா, குடிகாரன் தாடையா? இப்படித் தொங்குது!”

வேலிக்கு அந்தப் பக்கம் ஓர்வில் டிட்வெல், கையில் காபிக் கோப்பையோடு. பொழுது விடிந்ததும் வந்துவிட்டார்.

நோரீன் திரும்பிப் பார்க்கவில்லை.

“யோவ் ஓர்வில், உனக்கு வேற வேலையே கிடையாதா?”

“இருக்கே. இதோ பாத்துட்டுதானே இருக்கேன்.”

நோரீனின் கணவர் வெண்டல் போன குளிர்காலத்தில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஷெட்டில் அக்கக்காகக் கழற்றிப் போட்டிருந்த 1951-ஆம் வருடத்து பிக்கப் வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போனார். பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொன்னது அந்தச் சின்ன ஓக்லஹோமா ஊர். நோரீன் அவருடைய வேலை உடுப்பை மாட்டிக்கொண்டு ஸ்பானரைக் கையில் எடுத்தாள்.

நிறம் மட்டும் அந்தக் காலத்துப் பச்சையேதான். மற்றபடி, அவளுடைய தோள் வலிக்கு பவர் ஸ்டீயரிங். முன்சக்கரங்களுக்குப் புது டிஸ்க் பிரேக். பெஞ்சு சீட்டுக்கு பெல்ட்.

அவள் வேலையில் இறங்கியதிலிருந்து பக்கத்து வீட்டு ஓர்வில்லின் தொல்லைதான். பள்ளிக்கூட பஸ்களை ரிப்பேர் பார்த்து ரிட்டையர் ஆனவர். பொழுது போகாமல் வேலியில் சாய்ந்துகொண்டு நக்கலடிப்பார்.

“வெல்டிங் வச்சியா, கோழி கிளறிச்சா?”

“வண்டி ஒரு பக்கமா சாயுதே, அதுக்கும் தோள் வலியா?”

நோரீனுக்கு ரத்தம் கொதிக்கும். அவர் உள்ளே போனதும், அந்த ஆத்திரத்திலேயே வெல்டிங்கைத் தேய்த்துவிட்டு மறுபடி வைப்பாள். கதவைக் கழற்றிக் கீலைச் சரி செய்வாள். மறுநாள் அந்த ஆள் வாயைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் மறுநாள் வேறு ஏதாவது கண்ணில் பட்டுவிடும்.

டல்சாவிலிருந்து தங்கை ஜோலீன் போனில் பொரிந்தாள். “என்ன மனுஷன்க்கா அவர்! புருஷனைப் பறிகொடுத்தவகிட்ட பேசற பேச்சா இது? ஒரு நாளாவது வந்து ஒரு நட்டு முறுக்கிக் குடுத்திருக்காரா?”

“நட்டா? ஒரு வாய் தண்ணி எடுத்துக் குடுத்ததில்லை.”

கோதுமை அறுவடை முடிந்த சமயம் வண்டி தயாரானது. அந்த ஞாயிற்றுக்கிழமை அதிலேயே சர்ச்சுக்குப் போவதென்று, நல்ல உடை போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். கண்ணாடியைத் துடைக்கும்போது, வேலியோரம் குனிந்து வண்டிக்கு அடியில் நோட்டம் விட்டவரின் அதே குரல்.

“பிரேக் ஆயில் டியூப் என்ன, சைலன்சர் குழாயைக் கட்டிப் பிடிச்சிட்டுக் கிடக்கு? புதுசா கல்யாணம் ஆனதுங்களா?”

நோரீன் துணியை விட்டெறிந்தாள்.

“போதும்! என் வண்டி, எப்படியோ கிடக்கட்டும். இன்னிக்கு ஒரு நாள் என்னை நிம்மதியா விடு!”

“நோரீன், இது கேலி இல்லை. அதை நகர்த்தாம வண்டியை எடுக்காதே. நில்லு, நான் வரேன்...”

அவள் காதில் எதுவும் விழவில்லை. வண்டி சீறிக்கொண்டு சாலையில் இறங்கியது.

முதலில் எல்லாம் சுகமாகத்தான் இருந்தது. ஸ்டீயரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது. ஜன்னலில் காற்று. வெண்டல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டாள்.

தானியக் கிடங்கைத் தாண்டி இறக்கம். பிரேக்கை மிதித்தாள். கால் தரை வரைக்கும் போனது. வண்டி நிற்கவில்லை.

கியரைக் குறைத்தாள். கை பிரேக்கைப் பிடித்து இழுத்தாள். வண்டி சாலையை விட்டு விலகி, அறுத்த கோதுமை வயலுக்குள் குலுங்கிக் குலுங்கி ஓடி, ஒருவழியாக நின்றது. பெல்ட் நெஞ்சில் இறுகி வலித்தது.

அவள் இறங்குவதற்குள் பின்னால் ஒரு கார் வந்து புழுதி கிளப்பி நின்றது. ஓர்வில் ஓடி வந்தார். காலில் செருப்புகூட இல்லை.

“அடி ஏதும் படலையே? கையைக் காட்டு. கழுத்தைத் திருப்பு பாப்போம்.”

“ஒண்ணும் இல்லை. சொன்னேனே கேட்டியான்னு சொல்லிக்காட்டத்தானே வந்தே? சொல்லித் தொலை.”

அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“சைலன்சர் சூட்டுல பிரேக் ஆயில் கொதிச்சுப் போச்சு. ஆறினா சரியாயிடும். டியூபை ரெண்டு விரல் தள்ளிக் கட்டணும்.”

நோரீன் அவருடைய வெறுங்காலையே பார்த்தாள். இத்தனை மாதமும் இவர் அடித்த நக்கல்கள் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. கதவு, வெல்டிங், சாய்ந்த வண்டி. ஒன்றுகூடப் பொய் இல்லை.

“ஏன்யா, இவ்வளவு தெரிஞ்சவன், வேலியைத் தாண்டி வந்து கூடமாட ஒரு கை பிடிச்சிருக்கலாம்ல? இத்தனை மாசமா நின்னு கேலிதானே பண்ணினே!”

ஓர்வில் உள்ளங்காலில் குத்தியிருந்த கோதுமைத் தட்டையைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார்.

“உன் தம்பி உதவறேன்னு வந்தான், கதவைச் சாத்தினே. பாதிரியார் வந்தார், வாசலோட அனுப்பினே. என் பொண்டாட்டி சூடா சாப்பாடு கொண்டாந்தா, அதையும் வாங்கலை. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலை. ஒருநாள் வேலியோரமா வந்து, ‘ஸ்பானரைப் பிடிக்கிற லட்சணமா இது’ன்னேன். வாய்க்கு வந்தபடி திட்டினே...”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“திட்டினே. ஆனா, ‘போ’ன்னு சொல்லலையே, நோரீன்!”